விண்வெளி வணிகரும் வழிப்பறிக்காரரும்: ஒரு கணக்குப் பாடம்

வாணிகம் தோன்றிய நாளிலேயே வழிப்பறியும் தோன்றிவிட்டது. பாலை நிலத்தில் வணிகச் சாத்துகளை மறித்த ஆறலை கள்வரைப் பற்றித் தமிழ் வகுப்பில் படிக்கிறோம். அதே தொல்லை கணிப்பொறித் திரைக்குள் இருக்கும் ஒரு கற்பனை அண்டத்திலும் உண்டு. "விளையாட்டைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவானேன்?" என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். விளையாடச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. பயணம் செய்வோருக்கு எவ்வளவு பாதுகாப்புத் தருவது என்னும் வினா அரசாங்கத்துக்கும் உண்டு. பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் வீட்டாருக்கும் உண்டு. அதை எண்களைக் கொண்டு ஆராய இதைப் போல் வசதியான இடம் நமக்கு அகப்படவில்லை.

ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரிலுள்ள சிசிபி நிறுவனம் 2003 மே மாதத்தில் 'ஈவ் ஆன்லைன்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. சீனாவில் உள்ளோர்க்குத் தனி அண்டம். ஏனைய நாட்டினர் அனைவரும் ஒரே அண்டத்தில் கூடுகிறார்கள். ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். பெரும்பாலானவற்றை இணைக்க வாயில்கள். சிலர் கனிமம் தோண்டுகிறார்கள், சிலர் கப்பல் கட்டுகிறார்கள், சிலர் சரக்கேற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். பல மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை உள்ள இடங்களில் 'கான்கார்ட்' என்னும் காவற்படை இருக்கிறது. 0.1 முதல் 0.4 வரை காவற்படை இல்லை. வாயிலருகே பீரங்கிகள் மட்டும். அதற்கும் கீழே அவரவர் கையே அவரவர்க்கு உதவி. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: கான்கார்ட் குற்றத்தைத் தடுப்பதில்லை. அத்துமீறித் தாக்கியவனுடைய கப்பலைத் தவறாமல் அழிக்கிறது, அவ்வளவே. அதுவும் உடனே வருவதில்லை. 1.0 மண்டலத்தில் சுமார் 6 வினாடியிலும், 0.5 மண்டலத்தில் சுமார் 19 வினாடியிலும் வந்து சேரும்.

இந்தப் பதின்மூன்று வினாடி வித்தியாசம் சிறியதா? கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமைக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்கிறோம். ஒரு சரக்குக் கப்பல் 1,90,000 அலகு அடியைத் தாங்கும் என்க. கொள்ளையரின் சிறு கப்பல் ஒன்று வினாடிக்கு 500 அலகு அடிக்கும். 19 வினாடியில் அது அடிப்பது 9,500. ஆகவே 20 கப்பல்கள் சேர்ந்தால் சரக்குக் கப்பல் வீழும். 6 வினாடியில் ஒரு கப்பல் அடிப்பது 3,000 மட்டுமே. 64 கப்பல்கள் வேண்டும். காவலர் வேகமாக வருவதால் கொள்ளையர் திருந்துவதில்லை. அவர்களுக்கு ஆள் சேர்ப்பதுதான் கடினமாகிறது.

அடுத்து, கொள்ளையரின் கணக்கு. காவலர் வந்தபின் அவர்களுடைய சிறு கப்பல்கள் யாவும் நிச்சயம் அழியும். ஒன்றின் விலை 1 கோடி என்றால் 20 கப்பலுக்கு 20 கோடி செலவு. சரக்கு முழுவதும் அவர்கள் கைக்கு வராது. நாணயத்தைச் சுண்டிவிடுவதைப் போல ஒவ்வொரு பொருளும் பிழைக்கவும் பாதி வாய்ப்பு, அழியவும் பாதி வாய்ப்பு. ஆகவே சராசரியாகப் பாதிச் சரக்கே மிஞ்சும். 40 கோடிக்கு மேல் சரக்கு இருந்தால்தான் லாபம். 64 கப்பல் வேண்டிய இடத்திலோ 128 கோடிக்கு மேல் இருக்க வேண்டும். 120 கோடிச் சரக்குடைய வணிகர் 0.5 மண்டலத்தைத் தாண்ட வேண்டுமானால், அதை நான்காகப் பிரித்து முப்பது முப்பது கோடியாகக் கொண்டுபோவது புத்தி. அதற்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை அந்த நேரம். (வம்புக்கென்றே நஷ்டப்பட்டு அடிப்பவர்களும் உண்டு. அவர்களை எந்தச் சூத்திரத்திலும் அடைக்க முடியாது.)

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2011 இறுதி வரை, காவலர் அழித்த கப்பலுக்கும் இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்து வந்தது! திருடனுக்கு ஏணி வாங்கிக் கொடுத்ததைப் போன்ற ஏற்பாடு. அந்த ஆண்டின் கடைசியில் அதை நிறுத்தினார்கள்.

பாதையின் அமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியது. ஆரம்பத்தில் கப்பல்கள் வாயிலுக்கு 15 கிலோமீட்டர் முன்பே நின்றுவிடும். மீதித் தூரத்தை ஊர்ந்து கடக்க வேண்டும். பதுங்கியிருப்போர்க்கு அதுதான் அறுவடைக் களம். 2006 இறுதியில், நேரே வாயிலிலேயே போய் நிற்கலாம் என்று விதியை மாற்றினார்கள்.

இதற்கு நேர்மாறான சோதனை 2019 ஜூலையில் நடந்தது. காவலே இல்லாத வெளிமண்டலங்களில், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டும் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அந்நியர் பெயர் தோன்றியவுடன் கனிமம் தோண்டுவோர் நிலையத்துக்குள் ஒளிந்துகொள்வர். அந்தப் பட்டியலை நீக்கிவிட்டார்கள். வேட்டையாடுவோர் மகிழ்ந்தனர். ஆனால் சில வாரங்களில் விளையாட வருவோர் தொகையே குறைந்தது. மான் இல்லாத காட்டில் புலிக்கு என்ன வேலை? செப்டம்பரில் பட்டியல் திரும்பி வந்தது.

அப்படியானால் ஆபத்தை அறவே நீக்கிவிடலாமே என்று தோன்றும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆபத்தே இல்லாத பாதையில் எவரும் எதையும் சுமந்து போகலாம். அப்போது சரக்கு ஏற்றுபவருக்குக் கூலியும் சொற்பம், ஊருக்கு ஊர் விலை வித்தியாசமும் சொற்பம். கப்பல்கள் அழியாவிட்டால் புதுக்கப்பல் கட்டுவோருக்கு வேலையில்லை. கனிமம் தோண்டுவோருக்கும் இல்லை. இங்கிலாந்தில் 2014 டிசம்பரில் வெளியான 'எலைட்: டேஞ்சரஸ்' விளையாட்டு வேறொரு வழியைக் கண்டது: விரும்பினால் பிறர் எவரும் எதிர்ப்படாமல் தனியே பயணம் செய்யலாம். அமைதி கிடைத்தது, ஆனால் தனியே செல்வோரின் வாணிபமும் எல்லோருக்கும் பொதுவான அண்டத்தையே மாற்றுவதால், "அவர்கள் மட்டும் ஆபத்தில்லாமல் சம்பாதிக்கலாமா?" என்ற சச்சரவும் கூடவே எழுந்தது.

வணிகர்களோ விதி மாறும் வரை காத்திருக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த உபாயம் பௌதிகம் படிப்போருக்குப் பிடிக்கும். கப்பல் தன் உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்டினால்தான் வாயிலிலிருந்து பாய்ந்து செல்ல முடியும். கனத்த சரக்குக் கப்பல் அந்த வேகத்தை எட்ட வெகுநேரம் பிடிக்கும். அந்நேரத்தில்தான் அடி விழும். எதிரியின் உச்ச வேகத்தைக் குறைப்பதற்கென்று ஒரு வலை ஆயுதம் உண்டு. உச்ச வேகம் வினாடிக்கு 100 மீட்டர், கப்பல் இப்போது போவது 30 மீட்டர் என்க. உடன்வரும் தோழி அந்த வலையைத் தன் நண்பர் கப்பல்மீதே வீசி 60 சதவீதம் குறைக்கிறாள். உச்ச வேகம் 40 ஆகிறது. அதில் 75 சதவீதம் 30. கப்பல் அக்கணமே பாய்ந்துவிடுகிறது. இருவரும் ஒரே குழுவினராக இருந்து, குழுவும் அதை அனுமதித்திருந்தால், இதைக் குற்றமென்று கான்கார்ட் வருவதில்லை. ஆகவே பெருஞ்சரக்கு ஏற்றுவோர் ஒருவரை வலையோடு உடனழைத்துக்கொண்டு, இன்னொருவரை அடுத்த வாயிலுக்கு முன்னே அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.