பிறவிக் கொலைகாரனா ராட்வைலர்?

ராட்வைலர் என்றாலே மனிதரைக் குதறப் பிறந்த இனம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்த பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 23 இனங்களுக்குத் தடை கோரி மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்திலும் இந்த இனம் இருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் பிறவி வெறிதான் காரணம் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதன் உடல் வலுவும் வளர்ப்பவரின் அலட்சியமும் சேரும்போதுதான் விபரீதம் நேர்கிறது.

வரலாற்றைப் பார்த்தால், இது தென்மேற்கு ஜெர்மனியில் கால்நடைச் சந்தைக்குப் பேர்போன ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களின் நாய். சந்தைக்கு மாடுகளை ஓட்டிச் செல்வதும் வண்டி இழுப்பதும் காவல் காப்பதும் இதன் வேலைகள். மாட்டைக் கண்டபடி கடித்துவைக்கும் நாயால் கசாப்புக்காரருக்கு நஷ்டம்தான். துணிவோடு சொல்பேச்சும் கேட்கும் நாயே அவருக்குத் தேவைப்பட்டது. ரயில் வந்து மாடு ஓட்டும் வேலை போனபின் இனமே அருகிப்போனது. 1910இல் ஜெர்மனியில் காவல்துறைப் பணிக்கு ஏற்ற இனமாக அங்கீகாரம் கிடைத்த பிறகே மறுவாழ்வு பெற்றது. கடித்தால் இதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பதும் கட்டுக்கதை. எந்த நாயின் தாடையிலும் அப்படியொரு பூட்டு இல்லை.

குணத்துக்கு வருவோம். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களையும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலான நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், மனிதர்மீது பாய்வதில் முன்னணியில் நின்றவை சிறிய நாய்களான டாக்ஸ்ஹுண்டும் சிவாவாவும். ‘அப்படியானால் அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து நேர்ந்த மரணங்களில் பாதிக்கு மேல் ராட்வைலர்களும் பிட்புல் வகை நாய்களும் சம்பந்தப்பட்டிருந்தது எப்படி?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எந்த இனத்தில் மொத்தம் எத்தனை நாய்கள் இருந்தன என்ற நம்பகமான கணக்கு இல்லாததால், இதிலிருந்து இனவாரியான அபாயத்தைக் கணிக்க முடியாது என்று அந்தக் கணக்கை எடுத்தவர்களே எச்சரித்தார்கள். தவிர, சிவாவா கடித்தால் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். ஐம்பது கிலோ நாய் கடித்தால் உயிரே போகலாம். மரணக் கணக்கில் நாயின் கோபத்தைவிட அதன் பலமே பெரிதாகத் தெரிகிறது.

இதையே சாக்காக வைத்து, ‘அன்பாக வளர்த்தால் போதும்’ என்று குட்டி விற்பவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். காவலுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அந்நியரைச் சந்தேகிக்கத்தான் செய்யும். பிறந்து மூன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் பல மனிதரோடும் ஓசையோடும் பழகாமல், மொட்டை மாடியில் கட்டிப்போடப்பட்டு வளரும் குட்டியிடம் அந்தச் சந்தேகம் பயமாகும். பயந்த நாய் எளிதில் கடிக்கும். எனவே தினமும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள், வெளியே கூட்டிப்போகும்போது சங்கிலியும் வாய்மூடியும் போட மனமில்லாதவர்கள், அந்தஸ்துக்காக மட்டும் ராட்வைலர் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.