விமானத்துக்குக் கையெழுத்துப் போட எந்தப் படிப்பு?

2025 ஜூன் 14 அன்று பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. ஹைட்ராலிக் கோளாறால் ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. ஏர் இந்தியா ஹேங்கருக்குள் இழுத்துச் சென்றபிறகும் பழுதுபார்த்தவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த ஆட்கள்தான். போர் விமானம், ரகசியம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் பயணிகள் விமானத்திலும் எல்லாரும் எல்லா விமானத்தையும் தொட்டு ஒப்பம் இட முடியாது.

அந்த ஹேங்கருக்குக் குமரி மாவட்டத்து மயிலாடியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். கல்பட்டறைகள் நிறைந்த அந்த ஊருக்கு இந்தத் தொழிலின் படிநிலை எளிதில் புரியும்: சிலையைப் பலர் செதுக்கினாலும் கண் திறப்பவர் ஸ்தபதி. விமானத்தைப் பலர் கழற்றி மாட்டினாலும், பறக்கலாம் என்று கையெழுத்திடுபவர் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் (ஏ.எம்.இ.).

அந்த உரிமத்தைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.), கல்லூரி அல்ல. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு நேரான வழி, அதன் சி.ஏ.ஆர்.-147 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம். இயந்திரம், விமானக் கட்டமைப்பு பிடித்தால் பி1; மின்னணுக் கருவிகள் பிடித்தால் பி2. டர்பைன் விமானங்களுக்கான பி1.1 படிப்பு 2,400 மணி நேரம். கட்டணம் லட்சங்களில் வரும். டி.ஜி.சி.ஏ. தேர்வுகளில் ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும்.

அனுபவம்தான் பெரிய மலை. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவருக்குப் பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் 2 ஆண்டு வேலை போதும். பொருத்தமான தொழிற்பயிற்சி பெற்றதாக டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொண்டவருக்கு 3 ஆண்டு. எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கு 5 ஆண்டு. நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவருக்கு இரண்டாவது கணக்கு கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் ஹேங்கருக்குள் அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதே கேள்வி.

பி.இ. ஏரோநாட்டிக்கல்? குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற இடங்களில் அருமையான படிப்பு, வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு. பட்டம் மட்டும் கையில் இருந்தால் கையெழுத்திட முடியாது. இதைச் சொல்லாமல் சேர்க்கை நடத்துவோரிடம் எச்சரிக்கை தேவை.

காசில்லாத வீட்டுக்கு விமானப்படை நல்ல யோசனைதான். ஆனால் அதன் அக்னிவீர் வாயு திட்டத்தில் பணி 4 ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாகத் தொடர்வார்கள். தொழில்நுட்பப் பணியே கிடைத்தாலும், பின்னர் உரிமம் கேட்கும்போது சிவில் விமானத்திலும் அனுபவம் காட்ட வேண்டும்.

உரிமம் வந்தபிறகும் ஏ320, போயிங் 737 என்று அந்தந்த ரகத்துக்கான டைப் ரேட்டிங் தனி. அதற்கும் மேலே வேலை கொடுக்கும் நிறுவனத்தின் அனுமதி. துபாய் கனவு உள்ளவர்கள் அமீரகம் தன் சொந்த உரிமத்தைக் கேட்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பி1.1-க்கு அங்கீகாரம் உள்ள இடத்தில் பி2-க்கு இல்லாமல் இருக்கலாம். செய்முறைப் பயிற்சி எந்த ஹேங்கரில், எந்த விமானத்தில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.