வசந்த் வருவதற்கு முன்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

காலேஜ் போகிற மின்சார ரயிலில் படிக்கக் கணேஷ்–வசந்த் கதைகள் வேண்டும், இருப்பதிலேயே பெஸ்ட் எது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். சொல்லமாட்டேன். எழுதப்பட்ட வரிசையில் படி.

காரணம் இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா இந்த ஜோடியைத் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. 1968-ல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடர்கதையில் கணேஷ் ஒரு வக்கீல், அவ்வளவுதான். கதை அவனுடையதே அல்ல. பிறகு ‘பாதி ராஜ்யம்’, டெல்லியில் நடக்கும் ‘அனிதா இளம் மனைவி’. இவற்றில் அவன் தனி ஆள். துப்புத் துலக்குவதும் அவன், நக்கலடிப்பதும் அவன், அழகான பெண் எதிரே வந்தால் கொஞ்சம் வழிவதும் அவனேதான்!

‘பிரியா’வில் ஜூனியராக வசந்த் வந்து சேர்ந்தான். கணேஷின் விளையாட்டுத்தனம் முழுவதையும் அவன் எடுத்துக்கொள்ள, கணேஷ் மெல்ல மெல்ல நிதானமான சீனியராகிவிட்டான். “பாஸ்” என்று இவன் இழுப்பதும் அவன் அதட்டுவதுமாக இரண்டு பேருக்கும் ஒரு தாளம் விழுந்துவிடும். ‘கொலையுதிர் காலம்’ வரும்போது, பேயா விஞ்ஞானமா என்ற இழுபறியை அந்த உறவே தாங்கி நிற்கும். அதை முதலில் படித்துவிட்டுப் பின்னோக்கி வந்தால் இந்த மாற்றம் உன் கண்ணில் படாமலே போய்விடும். குற்றவாளி யார் என்பது கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துபோகிற சமாச்சாரம், இது அப்படியில்லை.

‘பிரியா’ படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தொடாதே. 1978-ல் ரஜினி கணேஷாக வந்தார். நாவலின் லண்டன், படத்தில் சிங்கப்பூராகிவிட்டது.

மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசந்த் அதை ஆரம்பிப்பான், முடிக்க விடமாட்டார்கள். அடுத்த கதையில் மறுபடி ஆரம்பிப்பான். முழு ஜோக் எங்கே என்று தேடாதே, கிடைக்காது. அது கிடைக்காதது உனக்குச் சிரிப்பாகத் தோன்றும் நாளில் நீயும் எங்கள் ஆள்.

பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் கமெண்டுகள் உனக்கு எரிச்சலூட்டும். ஊட்டட்டும். ரசிகன் என்பதற்காக அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கமாட்டேன், நீயும் வாங்காதே.

புதுப் பதிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கும் போய்ப் பார். துருப்பிடித்த மிக்ஸிகளுக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே, யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதை சிக்கலாம். ஜெயராஜின் ஓவியங்களோடு பார்ப்பது தனி ருசி. என்னிடமுள்ள ஒன்றில் முந்தைய வாசகர் ஒருவர், நாலாவது வாரத்து ஓரத்தில் ‘இவன்தான்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். தப்பு! ஆனால் ஒரு வாரம் முழுக்க யோசித்த தப்பு. காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த அவகாசம் இருந்தது. நீயும் ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, குரோம்பேட்டை, திரிசூலம் என்று ஸ்டேஷன்கள் போவதைப் பார்த்தபடி சந்தேகப்பட்டுப் பார்.

ஒரு லீவு நாளில், வழக்கம்போல் கிண்டியில் இறங்காமல் கடைசிவரை, பீச் ஸ்டேஷனுக்குப் போ. அங்கிருந்து நடந்தால் தம்புச் செட்டித் தெரு. கணேஷின் ஆபீஸ் அந்தத் தெருவில்தான். காளிகாம்பாள் கோயிலைத் தாண்டி, வக்கீல் பெயர்ப்பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்கும் மாடிப்படிகளைப் பார். இந்த இடத்தை ஏன் சுஜாதா தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஹைகோர்ட் கூப்பிடு தூரம்.

அவசரப்படாதே. 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்ற கானன் டாயில், வாசகர்கள் விடாததால் 1903-ல் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். சுஜாதா 2008-ல் போய்விட்டார். இனிப் புதிதாக ஒன்றும் வராது. அதனால் ஒன்றையாவது படிக்காமல் மிச்சம் வை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. எதுவென்று உன் சித்திக்குக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வா. ‘நைலான் கயிறு’ எடுத்து வைத்திருக்கிறேன். அட்டை போட்டுப் படி, ஓரம் மடிக்காதே.

அன்புடன்,
சித்தப்பா