இருண்ட இரண்டாம் திரை

ஒரு நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒருங்கு வைத்து ஒப்புநோக்கினாலன்றிப் பாடபேதம் விளங்காது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிடுமுன் அங்ஙனமே செய்தனர். இந்நாளில் சுவடியின் படம் ஒரு திரையிலும், எழுதும் படி மற்றொன்றிலும் தோன்றின் அவ்வேலை எளிதாம். இதன்பொருட்டு யாம் பழைய கணினித்திரை ஒன்றை வாங்கி, கடந்த விடுமுறையில் விருத்தாசலத்திலுள்ள எம் இல்லத்தில் மடிக்கணினியோடு இணைத்தோம். அஃது 'சிக்னல் இல்லை' என்று காட்டி இருண்டது. பழுது பார்ப்பவர் ஒருவர், "திரை கெட்டது, புதிது வாங்குக" என்றார். அதற்கு வேண்டிய பணம் எம்மிடம் இல்லை.

எம்மூர் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்றது. சூளையினின்று எடுத்த கலத்தின் மேற்பூச்சில் வெடிப்பைக் கண்டால், தேர்ந்த தொழிலாளர் உடனே தீயைப் பழியார். மண்கலவையோ, பூச்சோ, சூட்டின் அளவோ, ஆறவிட்ட விரைவோ என ஆராய்ந்து, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்ப்பர். இரண்டை ஒருங்கே மாற்றின் குற்றம் எதனது என்பது புலனாகாதன்றோ? யாமும் இம்முறையையே கைக்கொண்டோம்.

முதலாவது, திரை. எழுத்துத் தோன்றியமையால் அதற்கு மின்சாரம் வருகின்றதென்பது தெளிவு. பல இணைப்பு வாயில்களையுடைய திரை, வடம் செருகிய வாயிலை விட்டு வேறொன்றை நோக்கி நிற்றலும் உண்டு. திரையின் பொத்தானை அழுத்தி உரிய வாயிலைத் தேர்ந்தோம், பயனில்லை.

இரண்டாவது, கணினிக்கு இடும் ஆணை. விண்டோஸ் விசையோடு 'பி' (P) என்னும் விசையை அழுத்தின் நான்கு வழிகள் தோன்றும்: கணினித்திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, காட்சியை நீட்டித்தல், இரண்டாம் திரை மட்டும் என்பன. ஒப்புநோக்குவார்க்கு உரியது நீட்டித்தலே. அதனைத் தேர்ந்தும் இருள் நீங்கவில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், 'பி' (B) ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்திக் காட்சிக்குரிய டிரைவரை மீளத் தொடங்கச் செய்தோம், அதுவும் பயன்படவில்லை.

மூன்றாவது, இணைப்பு. எம் கணினியிலுள்ளது எச்.டி.எம்.ஐ. வாயில், திரையிலுள்ளது 1987-இல் தோன்றிய வி.ஜி.ஏ. வாயில். முன்னையது காட்சியை எண்களாக அனுப்பும். பின்னையது தொடர்ந்து ஏறியிறங்கும் மின்னலையாகவே ஏற்கும். ஆதலின் இவ்விரண்டிற்கும் இடையே, மொழிபெயர்ப்பாளன் போல் ஒரு மாற்றுக்கருவி வேண்டும். டைப்-சி வாயிலுடையோரும் ஒன்று கருதுக: வடிவம் ஒன்றாயினும் அத்தகைய வாயில் எல்லாம் காட்சியை அனுப்புவனவல்ல. ஒரு சொல் பல பொருள் தருதல் போன்றதே இது.

வடத்தை இருமுனையும் கழற்றிச் செருகினோம். பின் வடத்தை மட்டும் மாற்றினோம். இருள் நின்றது. இறுதியில் நண்பர் ஒருவரிடம் மாற்றுக்கருவியை இரவல் பெற்றுப் பொருத்தினோம். திரை ஒளிர்ந்தது! குற்றம் கைவிரலளவான அச்சிறு கருவியினதே, திரை குற்றமற்றது.

அன்றிரவே ஒப்புநோக்கத் தொடங்கினோம். பொருள் விளங்காத ஓரடியைக் கண்டு, "ஏடெழுதினோன் பிழை" என்று குறிக்க முற்பட்ட எம் கை தயங்கியது. படத்தைப் பெரிதாக்கி நோக்கினோம். ஏட்டில் பிழையில்லை, புள்ளியின்றி எழுதப்பட்ட ஓரெழுத்தை யாமே தவறாகப் படித்திருந்தோம். நண்பர்காள், திரையாயினும் ஏடாயினும், இடைநின்றவற்றை ஒவ்வொன்றாக ஆராயுமுன் கெட்டதென்று தீர்ப்புக் கூறாதிருப்போமாக.