கருவிக்கு முன் நரம்பைப் பாருங்கள்

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உள்காதின் எலும்பு அமைப்பே மாறியிருப்பது ஸ்கேனில் தெரிகிறது. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தபின் மளமளவென்று பேசுவதைப் பார்த்தும், உறவினர்களின் நச்சரிப்புக்கு இணங்கியும், இவர்களுடைய பெற்றோரும் "எந்தக் கம்பெனி கருவி நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காது மெஷின் போட்டுப் பார்ப்பதும் தடுப்பூசியும் பேச்சுப் பயிற்சியும் எப்படியும் நடக்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது, செவி நரம்பு இருக்கிறதா என்பதை.

உள்காதிலுள்ள செவிச்சுருளுக்கு இயல்பாக இரண்டரைச் சுற்று. 1791இல் கார்லோ மொண்டினி விவரித்த வகையில் ஒன்றரைச் சுற்றுதான்; ஆனாலும் அதில் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருப்பதால் இம்ப்ளான்ட் நல்ல பலன் தரும், தயங்க வேண்டியதில்லை. சில வகைகளில் கருவி வைக்கத் துளையிட்டதும் மூளைநீர் பீறிடும். அனுபவமுள்ள மருத்துவர் அதைச் சமாளிப்பார். நான் கடுமையாக எச்சரிப்பது வேறொன்றை: நரம்பு இல்லாத, அல்லது நூலாக மெலிந்த காதில், சி.டி. ஸ்கேனை மட்டும் நம்பிக் கருவியை வைப்பதை. சி.டி. எலும்பைக் காட்டும், நரம்பைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். கருவி தரும் மின்துடிப்பை மூளைக்குக் கொண்டுபோவது அந்த நரம்புதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் குழந்தைக்குப் பேச்சைக் கொடுக்காது. மொழி கற்க வேண்டிய வருடங்கள் மட்டும் வீணாகக் கழியும்.

"ஸ்கேனில் தெரியாத நரம்பும் சிலருக்கு வேலை செய்கிறதே" என்பார்கள். உண்மைதான். அப்படி முயல்வதானால், ஒலி உணர்வு மட்டுமே கிடைக்கலாம் என்று தெரிந்து, எத்தனை மாதத்தில் மறுபரிசீலனை என்று முன்பே பேசிவைத்து முயலுங்கள். உள்காதே உருவாகாத குழந்தைக்கு மிஞ்சுவது மூளைத்தண்டு இம்ப்ளான்ட். 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் நரம்புக் கட்டி நோயாளிக்காகத் தொடங்கிய இது, சென்னையிலும் குழந்தைகளுக்குச் செய்யப்பட்டிருக்கிறது. மண்டையைத் திறந்து செய்யும் இந்த ஆபரேஷனுக்குப் பிறகும், உதட்டசைவைப் பார்க்காமல் பேச்சைப் புரிந்துகொள்பவர்கள் சிலரே.

"வயது போய்விடுமே" என்ற பதற்றம் நியாயமானது. மூன்றரை வயதுக்குள் ஒலி சேர்ந்தால்தான் மூளையின் கேட்கும் பகுதி நன்கு வளரும். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஆனால் எம்.ஆர்.ஐ. ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைத் தவிர்த்து யாரும் காலத்தை மிச்சப்படுத்திவிட முடியாது.

கருவியோடு சைகை மொழியும் கற்றால் அது பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சத்தை நான் ஏற்பதில்லை. காது கேளாத பெற்றோரிடம் பிறந்ததிலிருந்தே சைகை கற்று, இம்ப்ளான்ட்டும் வைத்துக்கொண்ட அமெரிக்கக் குழந்தைகள் பேச்சிலும் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். உள்காது மாறியுள்ள பிள்ளை முதல் வார்த்தையைச் சொல்ல அடுத்த வீட்டுப் பிள்ளையைவிட அதிக நாளாகலாம். அதற்குள் சோர்ந்து பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். எந்த வழியில் பிள்ளை எளிதாகக் கற்கிறது என்று கவனியுங்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே வீட்டில் எல்லோரும் சைகை கற்கத் தொடங்கிவிட்டால், கருவி எவ்வளவு கைகொடுத்தாலும் குழந்தைக்கு ஒரு மொழி நிச்சயம்.