நாளையும் இவரே வருவாரா? முதியோர் வீட்டுப் பராமரிப்பில் பொருத்தம் பார்த்தல்

ஈஜிபுராவில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட வீடுதான். எனினும் விவேக்நகரிலும் நீலசந்திராவிலும் கோரமங்கலாவிலும் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு இது தெரிந்த வீடாகத் தோன்றக்கூடும். தாயாருக்கு 82 வயது. இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர். நினைவும் சற்றே மங்கத் தொடங்கியிருக்கிறது. மகன் ஒயிட்ஃபீல்டில் பணிபுரிகிறார், மகள் வெளிநாட்டில். ஏஜென்சி ஒன்றின் வழியாகப் பராமரிப்பாளர் அமர்த்தப்படுகிறார். நான்கு மாதங்களில் ஐந்து பேர் மாறுகிறார்கள். ஐவருமே ஓரளவு பயிற்சி பெற்றவர்கள். எவர்மீதும் பெரிய குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐந்தாமவர் வந்தபோது அம்மையார் குளிக்க மறுத்துவிட்டார். வயதான காலத்துப் பிடிவாதம் என்று வீட்டார் எண்ணினர். நான்கு மாதங்களில் ஐந்து அந்நியர்முன் ஆடை களைய நேர்ந்த ஒருவருடைய மறுப்பு அது என்பது எவருக்கும் தோன்றவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். அந்த எண்ணிக்கை அதற்குப் பின் உயர்ந்துகொண்டே வருகிறது; பிள்ளைகள் வாழும் ஊரும் பெற்றோர் வாழும் ஊரும் வேறாகி வருகின்றன. ஆகவே வீட்டிற்கு வந்து பராமரிக்கும் ஒருவரைத் தேடும் குடும்பங்கள் பெருகியுள்ளன. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், பெற்ற தாயின் உடலைத் தொட்டுப் பணி செய்யப் போகிறவரை ஒரே தொலைபேசி அழைப்பில் முடிவு செய்துவிடுகிறோம். ‘24 மணி நேரத்தில் மாற்று ஆள்’ என்ற உறுதிமொழி ஏஜென்சி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருகிறது. ஆள் வராத நாளுக்கு அது உதவும், அவ்வளவே. நீண்ட காலப் பராமரிப்பில் நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: ஆள் மாறாமை.

ஒரே பராமரிப்பாளர் தொடர்ந்து வருவதன் பயன் வெறும் மன ஆறுதல் அன்று. நேற்றுப் பார்த்த பாதத்தை இன்றும் பார்ப்பவருக்கே வீக்கம் தெரியும். மூன்று இட்லி உண்டவர் ஒன்றரையில் நிறுத்துவதையும், எழும்போது கை தேடும் இடம் மாறியிருப்பதையும், வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாகக் குடிப்பதையும் முதல் நாள் வந்தவர் எங்ஙனம் அறிவார்? மூப்பில் பல நோய்கள் இப்படிச் சிறு மாற்றமாகவே தலைகாட்டுகின்றன.

அப்படியாயின் எவற்றில் பொருத்தம் பார்ப்பது? முதலில் மொழி. ஈஜிபுராவின் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒலிக்கின்றன. பெங்களூரில் பராமரிப்புப் பணிக்கு வருவோரில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். நினைவு தெளிவாக உள்ள முதியவர் சந்தையில் கற்ற கன்னடத்தையும் கைச்சாடையையும் வைத்துச் சமாளித்துக்கொள்வார். மறதிநோய் உள்ளவர் நிலை வேறு. பின்னாளில் கற்ற மொழிகள் நழுவிப்போய்த் தாய்மொழி மட்டும் எஞ்சுவது இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. அவருக்குத் தமிழ் அறிந்தவரே வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. தமிழ் அறிந்தவர் கிடைக்காவிடில் வலி, தண்ணீர், கழிப்பறை, குளிர், பயம் என இருபது சொற்களைப் பராமரிப்பாளரின் எழுத்தில் எழுதி, ஒலிக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அடுத்தது தொலைவு. இதைப் பெரும்பாலோர் பொருத்தமாகவே கருதுவதில்லை. ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கேந்திரிய சதன் வரை 2.5 கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2017-இல் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்ற தூண்களுக்கிடையே ஊர்ந்து செல்லும் பேருந்துகளை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். இரண்டு பேருந்து மாறிக் காலை ஏழு மணிக்கு வந்து சேர வேண்டியவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் நலிந்த பிரிவினர் குடியிருப்பு நிலத்தில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அக்குடும்பங்களின் பெண்கள் பலர் நடந்தே சென்று கோரமங்கலா வீடுகளில் வேலை செய்துவந்தவர்கள். குடியிருப்பு தொலைவுக்குப் போனால் வேலையும் அறுந்துபோகிறது. ஒரு முதியவருக்குப் பழகிய கையும் அத்துடன் போய்விடுகிறது. நம் கருத்து இது: சான்றிதழில் ஒரு படி குறைந்தவராயினும், அரை மணி நேரத்திற்குள் வந்து சேரக்கூடியவரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நல்ல முடிவாகவே அமையும்.

ஆனால் மருத்துவத் தேவை உள்ள இடத்தில் இவ்வாறு விட்டுக்கொடுத்தல் ஆகாது. குளிப்பாட்டல், உணவூட்டல், நடக்கத் துணைநிற்றல், படுக்கையில் புரட்டிவிடல் ஆகியவை பயிற்சி பெற்ற உதவியாளரின் பணி. ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், ஆழமான படுக்கைப் புண்ணுக்கு மருந்திடுதல் ஆகியவற்றுக்கு மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்ற செவிலியர் வேண்டும். நாள் முழுவதும் செவிலியரை வைத்துக்கொள்ள இயலாத குடும்பங்கள், நாளெல்லாம் உதவியாளரும் வாரத்தில் சில முறை செவிலியரும் வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு நீண்ட காலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, முதியவரின் தேவையை அறிந்து திட்டம் வகுத்து, சேவை தருவோரை ஒருங்கிணைக்கும் பராமரிப்பு மேலாளர் என்னும் பணியும் உருவாயிற்று. நம் வீடுகளில் அந்த வேலை மகனுக்கோ மருமகளுக்கோ விழுகிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது, முதியவரின் ஒரு நாளை விடியல் முதல் இரவு வரை எழுதுவது. எத்தனை மணிக்கு எழுவார், குளிப்பாட்ட யார் வரலாம் யார் வரக் கூடாது, செபமா பூசையா, எந்தத் தொடர் ஓடும்போது பேசக் கூடாது என்பவை வரை அதில் இருக்கட்டும். பிறகு பராமரிப்பாளரை இரண்டு மணி நேரம் வரவழைத்து முதியவருடனே இருக்கச் செய்யலாம். அந்த நேரத்திற்கும் ஊதியம் தர வேண்டும். முடிவில் முதியவரிடமும் கேளுங்கள், வந்தவரிடமும் கேளுங்கள். மறுக்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

பொருத்தம் என்ற பெயரில் வேறு சில நிபந்தனைகளும் நுழைவதுண்டு. சைவ உணவு சமைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பது தேவை. ‘எங்களவராக இருக்க வேண்டும்’ என்பதும், தனித் தம்ளர் வைப்பதும், பன்னிரண்டு மணி நேரம் பணிபுரிபவரை அந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடாததும் தேவைகள் அல்ல. அவ்வாறு நடத்தப்படுபவர் நீடிக்கவும் மாட்டார்.

இனி, வங்கி இதழாகிய நாம் பேசவேண்டிய பகுதி. மாதச் சம்பளம் ₹20,000 என வைத்துக்கொள்வோம். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் உச்ச வரம்பான 30 இலட்சத்தை 8.2 விழுக்காடு வட்டியில் வைத்திருந்தால் காலாண்டுக்கு ₹61,500 வரும். மூன்று மாதச் சம்பளம் ₹60,000. சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு. அந்நாளில் வருபவருக்கு ₹900 என்றால் மாதம் ₹3,600 கூடும். காலாண்டுச் செலவு ₹70,800 ஆகிறது, ₹9,300 குறைகிறது. இந்தக் குறையை முன்கூட்டியே கணக்கிடாத குடும்பம் விடுப்பைத்தான் வெட்டுகிறது. விடுப்பின்றி உழைப்பவர் மூன்றாம் மாதத்தில் சொல்லாமலே நின்றுவிடுகிறார். வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2004-இலேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம் என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஏஜென்சி வழி அமர்த்தினால், நாம் கொடுக்கும் தொகையில் பராமரிப்பாளர் கைக்குச் செல்வது எவ்வளவு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அந்த விடுப்பு நாளில் வருபவர் எப்போதும் ஒருவராகவே இருக்கட்டும். முதன்மைப் பராமரிப்பாளர் திருவிழாவுக்குப் பத்து நாள் ஊர் செல்லும்போது, அம்மையாருக்கு ஏற்கெனவே பழகிய இரண்டாம் கை அங்கே ஆயத்தமாக இருக்கும்.

சம்பளத்தைப் பராமரிப்பாளரின் சேமிப்புக் கணக்கிலேயே செலுத்துங்கள். அக்கணக்கின் வழியாக ஆண்டுக்கு ₹20 பிரீமியத்தில் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குட்பட்டவராயின் ₹436-இல் ஆயுள் காப்பீடும் பிரதம மந்திரி திட்டங்களில் பெறலாம். ஒவ்வொன்றும் 2 இலட்சம் வரை. இந்த ₹456-ஐக் குடும்பமே ஏற்றால் அது பெரிய செலவன்று.

முதியவரின் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் பராமரிப்பாளரிடம் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அவர்மீது ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. கணக்கில் சிறு குழப்பம் நேர்ந்தாலும் முதலில் ஐயத்துக்குள்ளாகிறவர் அவரே என்பதால் சொல்கிறோம். நல்ல பராமரிப்பாளரை இழக்க அந்த ஒரு மாலை போதும். 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பணம் கொண்டு தருதல், வாழ்நாள் சான்று பெறுதல் உள்ளிட்ட சேவைகளை வீட்டிற்கே வந்து வழங்க வங்கிகள் முயல வேண்டும் என ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. கையெழுத்திட இயலாதவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கவும் வழியுண்டு: வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். உங்கள் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பூசலோ புறக்கணிப்போ நேரும் நிலையில், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் மாநகரக் காவல்துறையும் இணைந்து 2002-இல் தொடங்கிய 1090 உதவி எண்ணும் உண்டு.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு. மருந்து, உணவு, மலங்கழித்தல், தூக்கம் ஆகியவற்றை நாள்தோறும் பராமரிப்பாளர் அதில் குறிக்கட்டும். எழுத இயலாதவர் கைப்பேசியில் குரல் பதிவாக வைக்கலாம். முதல் பக்கத்தை மட்டும் வீட்டார் எழுத வேண்டும். நாம் தொடக்கத்தில் கண்ட ஈஜிபுரா வீட்டில் அப்பக்கம் இப்படி இருக்கலாம்: வலது காதுப் பக்கம் நின்று பேசவும். காப்பி குடித்து முடிக்கும்வரை குளியலைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். குளிக்கும்போது தோளில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். அதை அவரே எடுக்கும்வரை நாம் எடுக்கக் கூடாது.