கன்றிய காலும் தறி மிதியும்



திருப்பருத்திக்குன்றத்தில் குழித்தறி மிதிக்கும் நெசவாளிக்குக் காலே பிழைப்பு. கெண்டைக்கால் தசை சுளுக்கிக் கன்றிப்போனால் நாம் உடனே எண்ணெய் தேய்த்து உருவுகிறோம். அது தவறு, உள்ளே இரத்தக்கசிவு கூடும். முதல் 2, 3 நாட்கள் ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ் கட்டு, தலையணைமேல் கால் ஆகியவையே போதும்.

நீலம் கணுக்காலுக்கு இறங்கினால் பயப்படவேண்டாம். கசிந்த இரத்தமே கீழே வருகிறது. பச்சையாகி, மஞ்சளாகி, சுமார் 2 வாரத்தில் மறையும். ஆனால் நிறம் மறைந்ததாலேயே தசை ஆறிவிட்டதென்று எண்ணக்கூடாது. அந்த ஒரே காலில் வலியின்றிக் குதிகாலைத் தூக்கி நிற்க முடிந்தபின் மெல்ல மிதிக்கலாம்.

அடிபடாமலே கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

கூலி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதை அறிவோம். ஆயினும் சில நாள் பொறுமை பல வாரக் கூலியைக் காக்கும். தறிவேலை செய்வோருக்கு இதைச் சொல்லுங்கள்.